ஸ்பிட்ஃபயரைக் காப்பாற்றிய 'குளிர்ந்த காற்று': யார் இந்த ஸ்டான்லி ஹூக்கர்? டர்போ கார்களுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

வெயில் நேரத்தில் டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு, வழி கிடைத்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சில டர்போ கார்கள் உடனே சீறாது. கொஞ்ச தூரம் மந்தமாக இழுக்கும். காற்றோட்டம் கிடைத்து ஓடிய பிறகுதான் பழைய பிக்கப் திரும்பும். வண்டியில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. பல நேரங்களில் காரணம் சிம்பிள்: பானெட்டுக்குக் கீழே தேங்கிய சூடும், அந்தச் சூட்டில் வெந்து கிடக்கும் இன்டர்கூலரும்தான்.

இதே தலைவலி 1940-களில் போர் விமானங்களுக்கும் இருந்தது. காரில் பிக்கப் குறைந்தால் ஓவர்டேக் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வானத்தில் அது குறைந்தால் பைலட் வீடு திரும்பமாட்டார். அந்தக் கணக்கைத் தீர்த்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டான்லி ஹூக்கர். இன்டர்கூலரைக் கண்டுபிடித்தவர் இவர் இல்லை, அது அதற்கு முன்பே இருந்தது. ஆனால் சின்ன விமானத்துக்குள் அதை அடக்கி, ஒரு போரின் போக்கையே மாற்றும் அளவுக்கு வேலை வாங்கியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

காற்றை அமுக்கினால் ஏன் சூடாகிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். டர்போசார்ஜர், சூப்பர்சார்ஜர் இரண்டும் செய்வது அதே அமுக்கும் வேலைதான். டர்போவைச் சுற்ற வைப்பது இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை. சூப்பர்சார்ஜரைச் சுற்ற வைப்பது இன்ஜினின் சொந்த பவர். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியே 30 டிகிரி செல்சியஸ். காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குகிறோம். 70 சதவீதத் திறன் உள்ள கம்ப்ரசர் என்றால், வெளியே வரும் காற்று சுமார் 125 டிகிரி இருக்கும். சூடான காற்று விரியும். அதனால் அழுத்தம் இரண்டு மடங்கு ஆனாலும், சிலிண்டருக்குள் போகும் காற்றின் அளவு ஒன்றரை மடங்குதான். அதையே 55 டிகிரிக்குக் குளிர வைத்து அனுப்பினால், கிட்டத்தட்ட 1.85 மடங்கு. அதாவது கம்ப்ரசரைத் தொடாமலேயே 20 சதவீதம் அதிகக் காற்று கிடைக்கிறது. காற்று அதிகமென்றால் எரிபொருளும் அதிகம் எரியலாம், பவரும் அதிகம்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் உள்ளே போகும் காற்று ரொம்பச் சூடாக இருந்தால், கலவை நேரம் தவறி வெடித்து 'நாக்' அடிக்கும். அது தொடர்ந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து. இன்றைய கார்களில் இருக்கும் கம்ப்யூட்டர் நாக் வருவதை உணர்ந்து, தானாகவே பவரைக் குறைத்துவிடும். டிராஃபிக்குக்குப் பிறகு வரும் அந்த மந்தத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்ஜின் தெரியாமல் வேலைக்குச் சேர்ந்தவர்

ஸ்டான்லி ஹூக்கர் பிறந்தது 1907 செப்டம்பர் 30. ஊர், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஷீர்னஸ். லண்டன் இம்பீரியல் காலேஜில் கணிதம் படித்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில், வேகமாகப் பாயும் காற்று எப்படி நடந்துகொள்கிறது என்பதில் டாக்டர் பட்டம் வாங்கினார். கொஞ்ச காலம் கடற்படை ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. 1938 ஜனவரியில் டெர்பி நகரில் உள்ள ரோல்ஸ்-ராய்ஸ் விமான இன்ஜின் ஆலைக்கு வந்து சேர்ந்தார்.

அந்த ஆலையின் தலைவர் எர்னஸ்ட் ஹைவ்ஸ், பட்டறையிலிருந்து மேலே வந்தவர். எதிரே உட்கார்ந்திருந்த கணித டாக்டரைப் பார்த்து, இவர் பெரிய இன்ஜினியர் ஒன்றும் இல்லையே என்கிற மாதிரி ஒரு போடு போட்டார். ஹூக்கர் அதை மறுக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தன் வரலாற்றை எழுதியபோது, அந்த வாசகத்தையே புத்தகத்தின் தலைப்பாகவும் வைத்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் அவருக்கு ஒரு ரூம் கொடுத்தார்கள், வேலை எதுவும் கொடுக்கவில்லை. இன்று எந்த ஆபீஸிலும் நடக்கிற கதைதான். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆலையைச் சுற்றி வந்தவர், சூப்பர்சார்ஜர் சோதனை நடக்கும் இடத்தில் போய் நின்றார். அங்கே குவிந்து கிடந்த அளவீடுகளை வாங்கி வந்து கணக்குப் போட ஆரம்பித்தார். இன்ஜின் தெரியாதவருக்குக் காற்று நன்றாகவே தெரிந்திருந்தது.

கணக்கு சொன்ன விஷயம் சங்கடமானது. ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களில் இருந்த மெர்லின் இன்ஜினின் சூப்பர்சார்ஜர், செலவழிக்கும் பவரில் ஒரு பெரிய பங்கை வெறும் சூடாக வீணடித்துக்கொண்டிருந்தது. காற்று உள்ளே நுழையும் குழாயின் வளைவே சரியில்லை. அறிக்கையை எழுதி, அந்தத் துறையில் மூத்தவரான ஜேம்ஸ் எல்லரிடம் கொடுத்தார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தவருக்கு, சூப்பர்சார்ஜர் மேம்பாட்டுப் பொறுப்பையே எல்லர் தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்தப் பெருந்தன்மை இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

நுழைவுக் குழாய், சுழலும் சக்கரத்தின் இதழ்கள், அதைச் சுற்றியுள்ள டிஃப்யூசர் எல்லாம் மாறின. சூப்பர்சார்ஜரின் திறன் சுமார் 65 சதவீதத்திலிருந்து 75-க்கு ஏறியது. அந்த முன்னேற்றத்தோடு வந்த இன்ஜின்கள்தான் மெர்லின் XX, மெர்லின் 45. 1941-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 5 பறந்தது இந்த மெர்லின் 45-ஐ வைத்துத்தான்.

பெட்ரோலே ஒரு கூலர்

இன்டர்கூலர் வருவதற்கு முன்பே மெர்லினில் ஒரு குளிர்விக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. மெர்லினில் கார்புரேட்டர், அதுவும் சூப்பர்சார்ஜருக்கு முன்னால். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும். கையில் பெட்ரோல் பட்டால் ஜில்லென்று இருக்குமே, அதேதான். அதனால் காற்று சுமார் 25 டிகிரி குளிர்ந்தது. குளிர்ந்த காற்றை அமுக்குவதும் சுலபம்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. விமானம் திடீரென மூக்கைக் கீழே சாய்த்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் மேலே எகிறி இன்ஜின் திக்கிவிடும். அந்தச் சில நொடிகளில் ஜெர்மன் விமானம் தப்பிவிடும். இதற்குத் தற்காலிகத் தீர்வு தந்தவர் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் இன்ஜினியர். பெட்ரோல் குழாயில் ஒரு சின்ன ஓட்டை வைத்த உலோக வில்லை. 1941-ல் அதைப் பொருத்த அவரே விமானத் தளங்களுக்குப் போனார். அவர் கதை தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று.

இரண்டு சூப்பர்சார்ஜர், ஒரு பெரிய சூடு

1940-ல் பிரிட்டன் அரசு கேட்டது போர் விமானத்துக்கான இன்ஜின் அல்ல. மிக உயரத்தில் பறக்கும் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்கு ஒரு இன்ஜின் வேண்டும் என்றது. 30,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு சூப்பர்சார்ஜர் போதாது. டர்போ வைக்கலாமா என்ற பேச்சும் இருந்தது. ஹூக்கர் சொன்ன வழி வேறு: இரண்டு சூப்பர்சார்ஜர்களை வரிசையாக வை. ஒன்று அமுக்கிய காற்றை இன்னொன்று மறுபடி அமுக்கட்டும். முதல் கட்டத்துக்குப் பயன்பட்டது 'வல்ச்சர்' இன்ஜினின் சூப்பர்சார்ஜர். வல்ச்சர் தோற்றுப்போன இன்ஜின், அதன் ஒரு உறுப்பு மட்டும் இங்கே உயிர் பிழைத்தது.

இங்கேதான் சூடு வில்லனாக வந்தது. அந்த உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 44 டிகிரி. ஆனால் ஆறு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும்போது வெப்பநிலை 200 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். அப்படியே சிலிண்டருக்குள் விட்டால் இன்ஜின் நாக் அடித்தே உடைந்துபோகும்.

இரண்டு இடத்தில் குளிர வைத்தார்கள். இரண்டு கட்டங்களுக்கும் நடுவே சூப்பர்சார்ஜரின் உலோக உறைக்குள்ளேயே கூலன்ட் ஓடும் வழிகள். இரண்டாம் கட்டம் முடிந்து காற்று சிலிண்டர்களுக்குப் போகும் வழியில் ஒரு கூலர் பெட்டி. இன்றைய பல கார்களில் இருப்பது போல் காற்றை வைத்தே காற்றைக் குளிர்விக்கும் வகை அல்ல இது. திரவத்தை வைத்துக் குளிர்விப்பது. அதற்குத் தனி பம்ப், தனி ரேடியேட்டர். இடம் குறைவாக இருக்கும் இடத்தில் இதுதான் சரிப்பட்டு வரும். இன்றைக்கும் சில டர்போ கார்களில் இதே முறைதான்.

இவ்வளவையும் சேர்த்து இன்ஜின் நீண்டது சுமார் 9 அங்குலம்தான். இது ஸ்பிட்ஃபயருக்குள்ளும் போகுமே என்ற கேள்வி எழுந்தது ஹைவ்ஸுக்கு. 1941 செப்டம்பரில் ஒரு சோதனை ஸ்பிட்ஃபயர் இந்த இன்ஜினோடு பறந்தது. 30,000 அடியில் பழைய மெர்லின் தந்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பவர்!

சரியான நேரம்

அதே 1941 இலையுதிர் காலத்தில் ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் ஒரு புதிய ஜெர்மன் விமானம் தென்பட்டது. ஃபோக்-வுல்ஃப் 190. அதன் முன் ஸ்பிட்ஃபயர் மார்க் 5 திணறியது. வளைந்து திரும்புவதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் எதிரியே மேல். பிரிட்டிஷ் பைலட்கள் தொடர்ந்து விழுந்தார்கள். 1942 ஜூனில் ஒரு ஜெர்மன் பைலட் வழி தவறி வேல்ஸில் உள்ள பெம்ப்ரே தளத்தில் தன் 190-ஐ இறக்கிவிட்டார். அதைப் பறக்கவிட்டுப் பார்த்தபோது அச்சம் உறுதியானது.

பதில் தயாராக இருந்தது. மார்க் 5 உடலிலேயே மெர்லின் 61 இன்ஜினைப் பொருத்தி, அவசரத்துக்குச் செய்த ஏற்பாடுதான் ஸ்பிட்ஃபயர் மார்க் 9. 1942 ஜூலையில் ஹார்ன்சர்ச் தளத்தில் இருந்த 64-வது படைப்பிரிவு இதோடு களம் இறங்கியது. அந்த மாதமே 190-களோடு மோதல். அதே ஆண்டு செப்டம்பரில், எடை குறைத்த ஒரு மார்க் 9 சுமார் 43,000 அடி உயரம் வரை ஏறி, யாரும் தொட முடியாது என்று நினைத்திருந்த ஜங்கர்ஸ் 86 விமானத்தைச் சுட்டது. இடைக்கால ஏற்பாடாக வந்த மார்க் 9, கடைசியில் 5,600-க்கும் மேல் தயாரிக்கப்பட்டது.

சூட்டை வெளியே தள்ளுவது எப்படி?

காற்றிலிருந்து எடுத்த சூடு எங்கேயாவது போயாக வேண்டும். மார்க் 5-ல் ஒரு இறக்கைக்குக் கீழே ரேடியேட்டர், மறுபக்கம் சின்ன ஆயில் கூலர். மார்க் 9-ல் இரண்டு பக்கமும் பெரிய பெட்டிகள் வந்தன. வலது பக்கப் பெட்டியில் பாதி ரேடியேட்டரும் இன்டர்கூலருக்கான ரேடியேட்டரும். இடது பக்கம் மீதி ரேடியேட்டரும் ஆயில் கூலரும்.

பெட்டி பெரிதானால் காற்றைக் கிழித்துக்கொண்டு போவது கஷ்டம். அதற்கு வழி சொன்னவர் ஃபார்ன்பரோவின் எஃப்.டபிள்யூ. மெரெடித். 1930-களின் நடுவிலேயே அவர் ஆராய்ந்து சொன்னது இது: காற்று சின்ன வாய் வழியாக நுழையட்டும். உள்ளே குழாய் விரிந்து காற்றின் வேகம் குறையட்டும். மெதுவாக ரேடியேட்டரைக் கடந்து சூடாகட்டும். பிறகு குறுகும் வாய் வழியே வேகமாக வெளியேறட்டும். சூட்டால் விரிந்த காற்று பின்னால் பாயும்போது லேசாக ஒரு தள்ளும் கிடைக்கும். இழுவையில் ஒரு பங்கு கழிந்துவிடும். ஸ்பிட்ஃபயரில் இது ஓரளவுதான் பலித்தது. மெர்லின் பொருத்தப்பட்ட அமெரிக்க மஸ்டாங்கில், வயிற்றுக்குக் கீழே இருந்த நீண்ட குழாயில் இது நன்றாகவே வேலை செய்தது.

காருக்கான பாடமும் இதில்தான் இருக்கிறது. பெரிய இன்டர்கூலர் வாங்கி மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று சோம்பேறி, சுலபமான வழி இருந்தால் அதில் போய்விடும். பம்பருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே இடைவெளி இருந்தால், காற்று கூலரின் மெல்லிய தகடுகளுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போகும். அந்த இடைவெளியை ஃபோம் அல்லது பிளாஸ்டிக் தடுப்பு வைத்து அடைப்பது செலவில்லாத வேலை, பலன் அதிகம். கிரில்லுக்கு முன்னால் மாட்டும் கூடுதல் லைட், அலங்காரக் கம்பி, தகடுகளில் அப்பியிருக்கும் சேறு எல்லாமே காற்றைத் தடுக்கும்.

உள்ளே வருவது பாதிக் கதை. வெளியே போக வழி இல்லாவிட்டால் பானெட்டுக்குள் அழுத்தம் தேங்கி, புதிய காற்று நுழையவே தயங்கும். பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்கிவிட்டால் சூடு போய்விடும் என்று சிலர் செய்வதுண்டு. வண்டி நிற்கும்போது சூடு கொஞ்சம் போகலாம். ஆனால் வேகமாகப் போகும்போது முன் கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம், அதனால் காற்று அங்கே வெளியேறாது, உள்ளேதான் வரும். சூட்டை வெளியேற்றும் துவாரம் பானெட்டின் முன் பாதியில், அழுத்தம் குறைந்த இடத்தில் இருக்க வேண்டும். சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், பழைய டீசல் ஃபார்ச்சூனர் பானெட்டுகளில் தெரியும் துவாரம் வேறு வகை. அது இன்ஜினுக்கு மேலே இருக்கும் இன்டர்கூலருக்குக் காற்று ஊட்டுவது. வண்டி ஓடும்வரை பிரமாதம், நின்றுவிட்டால் இன்ஜின் சூடு நேராக அதன் மேல்தான் ஏறும்.

நின்றால் சூடாவது ஸ்பிட்ஃபயருக்கும் இருந்த நோய். தரையில் ஊர்ந்தபடி காத்திருந்தால் கூலன்ட் கொதித்துவிடும். சீக்கிரம் கிளம்பினால்தான் தப்பிக்கலாம்.

அமெரிக்காவின் பி-38 லைட்னிங் இன்னொரு உதாரணம். அது நிஜமாகவே டர்போ விமானம். இன்டர்கூலர் இறக்கையின் முன்விளிம்புக்குள் இருந்தது. இன்ஜின் பவரைக் கூட்டியபோது அந்த இன்டர்கூலரால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1943-ல் வந்த 'ஜே' ரகத்தில் அதை இன்ஜினின் தாடைப் பகுதிக்கு மாற்றினார்கள்.

எதிரியின் விமானம், ஹூக்கரின் இன்ஜின்

1943-ல் ஹூக்கர் ஜெட் பக்கம் போனார். ஃபிராங்க் விட்டிலின் ஜெட் இன்ஜினை உற்பத்திக்குக் கொண்டுவரும் வேலை. வெல்லண்ட், டெர்வென்ட், நீன் என்று வரிசையாக இன்ஜின்கள். நீன் சோவியத் யூனியனுக்கு விற்கப்பட்டு, அதன் வழிவந்த இன்ஜினோடு மிக்-15 கொரியப் போரில் பறந்தது தனி விவகாரம். ஹைவ்ஸோடு மனக்கசப்பு ஏற்பட்டு, 1949 தொடக்கத்தில் பிரிஸ்டல் நிறுவனத்துக்கு மாறினார்.

அங்கே உருவான இன்ஜின்களில் ஒன்று ஆர்ஃபியஸ். இது இந்தியாவுக்கும் வந்தது. 1965 போரில் பேசப்பட்ட 'நாட்' விமானத்தில் இருந்தது இதுதான். பெங்களூரு ஹெச்.ஏ.எல். ஆலையில் தயாரானது. இந்தியா சொந்தமாகச் செய்த மாருத் போர் விமானத்திலும் இரண்டு ஆர்ஃபியஸ் இன்ஜின்கள். 1961 ஜூனில் முதலில் பறந்த அந்த மாருத்தை வடிவமைக்க பெங்களூருக்கு வந்தவர் யார் தெரியுமா? கர்ட் டாங்க். ஆமாம், ஃபோக்-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்த அதே ஜெர்மானியர். இருபது வருடங்களுக்கு முன்பு ஒருவரை ஒருவர் வீழ்த்தத் துடித்த இரு தரப்பின் வேலையும் ஒரே விமானத்தில் சேர்ந்தது. எதிர்பார்த்த அதிக சக்தியுள்ள ஆர்ஃபியஸ் கடைசிவரை வரவில்லை, மாருத் பவர் குறைந்த விமானமாகவே நின்றுவிட்டது.

ஹாரியருக்கான பெகாசஸ், கான்கார்டுக்கான ஒலிம்பஸ் 593 இரண்டிலும் ஹூக்கரின் பங்கு உண்டு. 1966-ல் ரோல்ஸ்-ராய்ஸ் பிரிஸ்டலின் இன்ஜின் பிரிவை வாங்கியது, அதன் பிறகு அவரும் ஓய்வு பெற்றார். 1971 பிப்ரவரி 4-ல் ரோல்ஸ்-ராய்ஸ் திவாலானது. காரணம், ஆர்.பி.211 என்ற பெரிய ஜெட் இன்ஜின். சொன்ன பவர் வரவில்லை, செலவு எகிறிவிட்டது. அறுபதைத் தாண்டிய ஹூக்கரைத் திரும்ப அழைத்தார்கள். அவர் தன் பங்குக்கு ஓய்வு பெற்ற பழைய சகாக்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு டெர்பிக்குப் போனார். 1972 ஏப்ரலில் ஆர்.பி.211 சான்றிதழ் பெற்று, லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்தில் பயணிகளோடு பறந்தது.

1974-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1984 மே 24 அன்று, 76 வயதில் காலமானார்.